எதையும் எடுக்காதே, வெளியே வா

பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்தும் ரூமுக்கு நாலு பக்கமும் கதவு உண்டு. தாழ்ப்பாள் கிடையாது, தள்ளினால் வெளிப்பக்கம் திறக்கும். நாலு பேர்தான் உள்ளே உட்காரலாம், ஆளுக்கொரு கதவு. புதிதாக வரும் பெண்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன்: விசில் கேட்டால் ஓடு. செருப்பு, தூக்குச்சட்டி, சேலை என்று எதற்கும் நிற்காதே. திரும்பிப் பார்க்காதே. தாயில்பட்டிப் பக்கம் நான் போர்மேனாக இருந்தவரை இந்த விஷயத்தில் யாருக்கும் முகதாட்சண்யம் பார்த்ததில்லை.

மாரீஸ்வரி வேலைக்குச் சேர்ந்த அன்று, பழக்குவதற்காக விசில் ஊதினேன். மற்ற மூவரும் வெளியே குதித்துவிட்டார்கள். இவள் மட்டும் வாசலிலேயே நின்று, தூரத்தில் லோடு ஏற்றிக்கொண்டிருந்த தன் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏ புள்ள, விசிலு காதுல விழலயா?"

"விழுந்துச்சுக்கா. அவுக அங்கன நிக்காக. கேக்காம எப்பிடி வெளிய வர?"

"நெருப்பு உம் புருசங்கிட்டக் கேட்டுட்டா வரும்?"

மற்ற பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, குழாயடிக்குப் போவதற்கும் அவனிடம் கேட்க வேண்டும். அவன் வெளியே போனால் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விடுவான். கம்பெனிக்கு அனுப்பியதே தன் கண் முன்னால் இருப்பாள் என்றுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தினமும் வேலை தொடங்குமுன் அவளுக்காகவே விசில் ஊதினேன். கொஞ்சம் கொஞ்சமாக அவள் பார்வை அவனை விட்டுக் கதவுக்கு வந்தது.

அந்த சீசனில் ஒரு மத்தியானம் அவர்கள் ரூமில் மருந்து புகைந்தது. விசில் ஊதினேன். மாரீஸ்வரியின் சேலை கதவில் மாட்டிக்கொண்டது. உருவிப் போட்டுவிட்டு, வேலைக்காகச் சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டையும் பாவாடையுமாக ஓடிவந்தாள். அவள் வெளியே வந்ததும் ரூம் குப்பென்று பற்றியது. நாலு பேருமே பிழைத்தார்கள்.

அவள் புருஷன் ஓடிவந்தான். உயிரோடு இருக்கிறாளே என்று கட்டிக்கொள்வான் என்றுதான் நினைத்தேன். கன்னத்தில் அறைந்தான்.

"அம்புட்டு ஆம்பளைக முன்னால இப்பிடியா வந்து நிப்ப?"

மேனேஜர் அன்றே அவனை வேலையிலிருந்து நிறுத்தினார். அவன் அவளை வேலைக்கு அனுப்பாமல் நிறுத்தினான். மறுபடியும் வீட்டுக்குப் பூட்டு.

சில நாள் கழித்து, ஒரு காலையில் கம்பெனி கேட்டில் வந்து நின்றாள். வெறுங்கால். இடுப்பில் மகள்.

"கதவத் தொறந்து போட்டுட்டுக் குளிக்கப் போனாகக்கா. பிள்ளைய மட்டும் தூக்குனேன். வேற எதையும் எடுக்கல. திரும்பிப் பாக்கல."

நான் சொல்லிக்கொடுத்த அதே வார்த்தைகள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தேன்.

பின்னாலேயே அவன் வந்து கத்தினான். "எம் பொண்டாட்டிய வெளிய அனுப்புங்க!"

"இரு, அவளக் கேட்டுட்டு வாரேன்."

உள்ளே போய்க் கேட்டேன். வர மாட்டேன் என்றாள். அதை அப்படியே வந்து சொன்னேன். அவளையும் கேட்பார்கள் என்று அவன் நினைத்ததே இல்லை போலிருக்கிறது. வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினார்.

இப்போது சாத்தூரில் மகளோடு இருக்கிறாள், வேறொரு கம்பெனியில் வேலை.

எனக்குப் பிறகு போர்மேன் வேலைக்கு வந்திருக்கும் பெண்களுக்கு ஒன்று சொல்வேன். விசில் ஊதும்போது புதுப் பெண்ணின் காலை மட்டும் பார்க்காதீர்கள். அவள் முதலில் யார் முகத்தைப் பார்க்கிறாள் என்று பாருங்கள்.