பதுளை மேட்டில் ஒரு பழைய மூடு மோட்டார்

பழைய மோட்டார் ஓட்டுகிறவனுக்குப் பாதிப் பயணம் வண்டிக்கு உள்ளே, மீதிப் பயணம் வண்டிக்கு அடியில். சொந்தமாக ஒன்று வாங்கி அவதிப்பட்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் என் கதையைக் கேட்டுப் பிழைத்துக்கொள்ளுங்கள்.

இலங்கை மலைநாட்டில், பதுளைக் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த காசிம் முதலாளியிடம் நான் டிரைவராக இருந்தேன். ரயில் அப்போது பதுளைக்கு வந்து சேரவில்லை. சீமைக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து அவர் ஒரு மோட்டார் வாங்கி வாடகைக்கு விட்டார். மேலே கூரை, நாலு பக்கமும் கண்ணாடி, மூடிக்கொள்ளக் கதவு, உள்ளே மெத்தை. துரைசாணி மழையில் நனையக்கூடாதென்று வரவழைத்த வண்டி. எங்களிடம் வந்தபோது கூரை மட்டும்தான் நல்ல நிலையில் இருந்தது. ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் என் வேலை.

ஸ்பிரிங் பட்டை

முதலில் போனது பின்பக்க ஸ்பிரிங். லுணுகலைப் பாதையில் ஒரு பள்ளத்தில் இறங்கிய வேகத்தில் பட்டை இரண்டாக முறிந்தது. காட்டுக் கம்பை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஊர்ந்து ஊர்ந்து பதுளைக்குக் கொண்டுவந்து சேர்த்தேன்.

உள்ளூர்க் கொல்லர் அடித்துக் கொடுத்த பட்டை ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. கடைசியில் கொழும்பிலிருந்து தருவித்தோம். பண்டாரவளை வரை ரயிலில் வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் வந்தது. முதலாளி சாக்கைப் பிரித்து அந்த இரும்பைத் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இதுக்குக் கொடுத்த காசுக்கு ஒரு கறவை மாடு வாங்க ஏலும் சுப்பையா. மாடு படுத்துக்கிட்டாலும் சாணியாவது போடும்."

பின்னோக்கி ஏறிய மலை

அந்த வண்டியில் பெட்ரோல் தொட்டி ஆசனத்துக்கு அடியில் இருந்தது. பெட்ரோல் தானாக வழிந்துதான் எஞ்சினுக்குப் போகும். மேடு செங்குத்தாக இருந்தால் எஞ்சின் உயர்ந்துவிடும், பெட்ரோல் ஏறாது, வண்டி நின்றுவிடும். அதற்கு ஒரே வைத்தியம், வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி ஏறுவது.

பேச்சாயி என்ற அம்மாளைப் பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து மலைமேல் இருக்கும் மடுல்சீமைக்குக் கொண்டுபோக ஒருநாள் அழைத்தார்கள். இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டிலேயே இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் இருந்த தோட்டத்து லயக் குடியிருப்பில் எல்லோருமாகச் சேர்ந்து வாடகைக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். மகன் மாரிமுத்து தாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தார். பசறை தாண்டி மேடு தொடங்கியதும் வண்டி இருமி நின்றது. "மன்னிச்சுக்கங்க, இனிமே பின்பக்கமாத்தான் ஏறணும்" என்றேன். மாரிமுத்துவுக்குக் கோபம். "சாகப்போற மனுஷியை இப்படியா கொண்டு போறது?" என்றார்.

நான் கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பாதையைப் பார்த்தபடி ஓட்டினேன். அதனால் அந்த அம்மாளின் முகம் முழு நேரமும் எனக்கு எதிரே இருந்தது. முன்கண்ணாடியில் பள்ளத்தாக்கு விரிந்துகொண்டே போயிற்று. தேயிலைச் சரிவுகள், ஓடை, தேயிலை அரைக்கும் ஸ்டோரின் புகை, வெகு தூரத்தில் நீல மலைகள். அவர் கண்ணை மூடவே இல்லை. அதற்குப் பிறகு சில நாட்கள்தான் இருந்தாராம். அன்று மகனின் கையைத் தட்டி அவர் சொன்னது இது: "திட்டாதடா. மலை ஏறுறப்பல்லாம் முதுகுல கூடை, கண்ணு தரையில. இன்னிக்குத்தான் ஊரைப் பார்த்துக்கிட்டே ஏறுறேன்."

சக்கரத்துக்குக் குளியல்

சக்கரத்தின் ஆரைகள் மரம். எங்கள் ஊவாப் பகுதியில் வறண்ட காற்று அடிக்கும் மாதங்களில் மரம் சுருங்கி, ஒவ்வொரு திருப்பத்திலும் கீச்சிடும். விட்டால் கழன்று உருண்டுவிடும். நாலையும் கழற்றிப் பதுளை ஓயா ஆற்றில் ஊறப்போட்டுவிட்டுக் கரையில் காவல் இருப்பேன். மரம் உப்பி இறுகிய பிறகு மாட்டுவேன். இது செலவில்லாத வைத்தியம் என்பதால் முதலாளிக்கு மிகவும் பிடித்தது.

துணி துவைக்க வந்த ஒரு பெண் சக்கரங்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு கேட்டாள்: "உடம்பை எங்கேங்க விட்டுட்டு, காலை மட்டும் குளிப்பாட்டுறீங்க?"

கங்காணியின் வார்

பிரேக் இரண்டு பின்சக்கரத்துக்கு மட்டும்தான். நீண்ட இறக்கத்தில் அதன் பட்டை சூடேறிக் கருகும். புதிய பட்டை வேண்டுமென்று பலமுறை கேட்டேன். "அடுத்த மாசம் பார்ப்போம்" என்றார் முதலாளி.

ஒரு பெரிய கங்காணி காணி வழக்குக்காகப் பதுளைக் கோர்ட்டுக்குப் புறப்பட்டார். சாட்சி சொல்ல, தன் கீழ் வேலை செய்த கூலிகள் இருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். மடுல்சீமையிலிருந்து இறங்கும்போது கருகல் வாடை வந்தது. மிதித்தேன், பிரேக் பிடிக்கவில்லை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பாதாளம். கியரைக் குறைத்து, வண்டியை மலைப்பக்கம் ஒட்டி மண்ணில் உரசிக்கொண்டே போனேன். ஒரு பாறை தடுத்து நிறுத்தியது. யாருக்கும் அடி இல்லை.

பட்டை தூளாகிப் போயிருந்தது. தடித்த தோல் இருந்தால் வெட்டி வைத்து, முதல் கியரிலேயே பசறை வரை இறங்கிவிடலாம். நான் கங்காணியின் இடுப்பைப் பார்த்தேன். வேட்டியை இறுக்கிய அகலமான தோல் வார். "வேற வழியில்லையா?" என்றார். "இல்லீங்க" என்றேன். தயங்கித் தயங்கித்தான் கழற்றிக் கொடுத்தார். அதை இரண்டாக வெட்டி, செப்பாணி அடித்து மாட்டினேன். அவர் வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி ஓரமாக நின்றார்.

பசறையில் அவர் தேநீர் குடிக்கப் போனதும், சாட்சிகளில் மூத்தவரான முனியாண்டி சக்கரத்தருகே குனிந்து அந்தத் தோலைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "இந்த வாரை எங்க முதுகுக்கு நல்லாத் தெரியுங்க. இன்னிக்குத்தான் அது எங்க உசிரைக் காப்பாத்தியிருக்கு."

அந்த வாரமே புதிய பட்டைக்குக் கொழும்புக்கு எழுதிப் போட்டார் முதலாளி.

அச்சு முறிந்த இடம்

பின் அச்சு முறிந்தால் பிறகு செய்ய ஒன்றுமில்லை. எஞ்சின் பாட்டுக்கு ஓடும், வண்டி அசையாது. எங்களுக்கு அது கொட்டும் மழையில், பிரசவ வலியோடு ஒரு பெண் உள்ளே இருந்தபோது நடந்தது.

அவள் பெயர் செல்லம்மா. தலைப்பிள்ளை. குழந்தை திரும்பவில்லை, பதுளைக்குக் கொண்டுபோங்கள் என்று தோட்டத்து மருந்துக்காரர் சொல்லியிருந்தார். கூடவே மருத்துவச்சி கருப்பாயி. என் பக்கத்தில் கணவன் ராமையா. பசறைக்கு இன்னும் தூரம் இருக்கும்போது அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். நான் இறங்கிப் பார்த்துவிட்டு வந்த முகத்திலேயே ராமையாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. "தூக்கிக்கிட்டே போயிடலாங்க" என்று அழுதான். உள்ளேயிருந்து கருப்பாயி, "மழையில எடுத்தா ரெண்டு உசிரும் போயிடும். கதவைச் சாத்து!" என்று கத்தினாள்.

மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் சத்தம் கேட்டு இறங்கி வந்தார்கள். யாரும் சொல்லாமலே வண்டியைச் சுற்றி நின்று, போர்த்தியிருந்த கம்பளிகளைக் கழற்றிக் கண்ணாடிகளை மறைத்துப் பிடித்தார்கள். மழை அவர்கள் தலையில் கொட்டியது. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு நானும் ராமையாவும் பாதையோரம் நின்றோம். எந்தச் சாமியைக் கூப்பிட்டேனோ, நினைவில்லை. என் கையில் இருந்த ஸ்பானரை மட்டும் கீழே போடவில்லை.

வெகு நேரம் கழித்துக் குழந்தை அழுதது. பெண்கள் குலவையிட்டார்கள். ராமையா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு ஒரு மாட்டு வண்டிக்காரர் வந்து எங்களைப் பசறைக்கு இழுத்துப் போனார். தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். அன்று குழந்தை பிறந்ததும் கதவைத் திறந்து இறங்கிய கருப்பாயி, கையை மழையில் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "துரைசாணி நனையக்கூடாதுன்னு செஞ்ச கதவாம்ல, எங்க புள்ளையும் நனையலீங்க."

இத்தனை ஆண்டுகளில் அந்த வண்டியில் ஒருநாளும் பழுதாகாதது அதன் ஊதுகுழல் ஒன்றுதான், ஆகவே வருகிறோம் வருகிறோம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் நடுவழியில் நின்றோம்.