பத்தரை மணிக்கு ஒரு கரண்டி குழம்பு

மிளகு வறுபடும் வாசனைதான் என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கியது. சேலத்தில் ஆறு மணிக்கு ஏறினேன். முப்பது கிலோமீட்டர் சொச்சம், இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஜன்னல் இடுக்கில் டிசம்பர்ப் பனி. ஏற்காடு ஒண்டிக்கடை நிறுத்தத்தில் கால் வைத்தபோது ஏழே கால். அந்த வாசனையில் எனக்கு மறுபடி இருபத்தாறு வயது. மருந்துக் கம்பெனிப் பையோடு மழையில் நனைந்து வந்து, இதே ஊரில் பெயர் தெரியாத ஒரு கடையில் சுடச்சுட மிளகு ரசம் குடித்திருக்கிறேன். கடைக்காரருக்கு அன்று நன்றி சொன்னேனா, நினைவில்லை. இதை அதற்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

7.30. வாசனையைப் பிடித்துக்கொண்டே நடந்தால் முருகேசனின் இட்லிக் கடை. இட்லி பத்து ரூபாய். சொந்தக் கொடியில் காய்த்த மிளகை இடித்த பொடி, குழியில் நல்லெண்ணெய். ஆறு சாப்பிட்டேன். முருகேசனுக்கு ஐம்பத்தைந்து இருக்கும். கடும் சளி. மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு கல்லாவில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார். பரிமாறியது அவர் மனைவி. இன்னும் எங்கே சாப்பிடலாம் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். கணவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இவரைக் கேளுங்க. பத்தரை ஆச்சுன்னா எதுத்த மெஸ்ஸுக் கொழம்பு கேக்குமுங்க இவருக்கு. என் கைக்கொழம்புக்கு என்ன கேடோ."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முருகேசன் மட்டும் சிரிக்கவில்லை.

9.00. ஏரியைச் சுற்றினேன். பஜ்ஜிக் கடைக்காரர் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். எண்ணெய் காய இன்னும் நேரமாகும் என்று சொல்லி, நிற்கிற கால் வலிக்கக்கூடாதென்று தன் ஸ்டூலை எனக்கு நகர்த்திப் போட்டார். இந்த மலையில் சோறு விற்கிறவர்கள் முதலில் இடம் கொடுக்கிறார்கள், பிறகுதான் இலை.

10.20. திரும்பி வந்தபோது முருகேசன் தெருவிலேயே காத்திருந்தார்.

"ஏனுங்க, ஒரு ஒத்தாசை வேணுமுங்க. நீங்க இன்னைக்கே எறங்கிப் போறவருதானே?"

எதிர்ப்பக்க மெஸ்ஸின் பின்வாசல் வழியாக அழைத்துப் போனார். அடுப்பில் பெரிய குண்டாவில் தட்டைப்பயறு கத்திரிக்காய்க் குழம்பு கொதித்தது. கரண்டியோடு நின்ற மெஸ்காரம்மா சரோஜா என்னைக் கண்டதும் முருகேசனை முறைத்தார். இருவரும் தணிந்த குரலில் மாறி மாறிச் சொன்னதன் சுருக்கம் இது. இரண்டு வருடத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சலோடு சரோஜாவுக்கு வாசனையும் ருசியும் போய்விட்டன. மருத்துவம் பார்த்தும் திரும்பவில்லை. நாக்கு செத்தவள் சமையல் என்று வெளியே தெரிந்தால் மெஸ்ஸை மூட வேண்டியதுதான். அதனால் தினமும் பத்தரைக்கு முருகேசன் வந்து உள்ளங்கையில் குழம்பு வாங்கி ருசி பார்க்கிறார். முன்னால் இருப்பவர்கள் காதில் விழாதபடி விரலால்தான் பதில். ஒரு விரல் என்றால் அரைப்பிடி கல்லுப்பு. காதைச் சொறிந்தால் புளி தூக்கல். மூடிய கை என்றால் இறக்கலாம். இரண்டு வருடம். தன் மனைவியிடம்கூட அவர் சொல்லவில்லை. கேலியை மட்டும் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

இன்றைக்கு அவர் மூக்கும் அடைத்துவிட்டது. இன்றைக்குத்தான் வெள்ளக்கடைப் பக்கத்து எஸ்டேட்டுக்கு முதல் சாப்பாடு. காப்பிப் பழம் பறிக்கும் நாற்பது பேர். பிடித்துப்போனால் பறிப்பு முடியும் வரை தினமும் சரோஜாதான் சோறு போடுவார்.

கையை நீட்டினேன். குழம்பு விழுந்தது. நக்கிவிட்டு, வாழ்நாள் பழக்கத்தில் சொன்னேன்: "அருமைங்க."

சரோஜா கரண்டியை இறக்காமல் என்னையே பார்த்தார்.

"அருமைன்னா எத்தன வெரலுங்க?" என்றார்.

எத்தனை ஊர்க் கடைகளுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன். அவர்களில் ஒருவருக்கும் அது உப்பாகவோ புளியாகவோ பயன்பட்டிருக்காது. மறுபடி கையை நீட்டினேன். கண்ணை மூடிக்கொண்டேன். பயறு இருந்தது, மிளகாய் இருந்தது, இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஒன்று குறைந்தது. இரண்டு விரல் காட்டினேன். சரோஜா ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டு, கொதிக்கவிட்டு, மறுபடி ஊற்றினார். கையை மூடினேன்.

11.40. எஸ்டேட் ஜீப் குண்டாவோடு போனது. ஒன்றரை மணி பஸ்ஸில் இறங்குவதாக இருந்தவன் பஸ்ஸை விட்டுவிட்டு மெஸ்ஸிலேயே சாப்பிட்டேன். சாப்பாடு எண்பது ரூபாய். ரசம் இரண்டாம் முறை கேட்காமலே வந்தது. சரோஜா தெருவைப் பார்த்தபடியே பரிமாறினார். எதிர்க்கடை வாசலில் முருகேசன் நின்றுகொண்டே இருந்தார்.

2.15. ஜீப் வந்தது. எஸ்டேட் ரைட்டர், ஆள் கணக்கு எழுதுகிறவர், தானே குண்டாவை இறக்கினார். அடியில் கரண்டி தேய்த்த கோடுகள் மட்டும் மிச்சம்.

"கத்திரிக்கா இன்னும் கொஞ்சம் வெந்திருக்கலாம்னு ஒரு அம்மா சொல்லுச்சுங்க. நாளைக்கு நாப்பத்தஞ்சு பேரு."

கத்திரிக்காயை நான் கவனிக்கவே இல்லை. சரோஜா தலையாட்டிவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். இதை எழுதலாமா என்று கேட்டேன். பேரை மாற்றிக்கொள்ளச் சொன்னார். மாற்றியிருக்கிறேன். எந்தத் தெரு என்று கேட்காதீர்கள். எந்தத் தெருவில் சாப்பிட்டாலும் பின்கட்டில் யாரோ ஒருவர் உங்களுக்காகக் கை நீட்டியிருக்கலாம்.

2.50. பஸ் வரைக்கும் சரோஜா வந்தார். நான் நன்றி சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"அண்ணனுக்குச் சளி எறங்க ரெண்டு நாளாவுமுங்க," என்றார், மலையைப் பார்த்துக்கொண்டு. அதற்கு மேல் கேட்கவில்லை.

போன ஊருக்கு மறுநாளே திரும்பிய பழக்கம் எனக்கில்லை. இரவு ரயிலுக்குச் சீட்டும் எடுத்திருந்தேன். படியில் நின்று கண்டக்டரிடம், காலையில் சேலத்திலிருந்து மேலே வர எத்தனை மணி பஸ் தோது என்று கேட்டேன். எட்டு மணிக்கு ஏறினால் பத்துக்குள் வந்துவிடலாம் என்றார்.

விசில் ஊதியாயிற்று. ஜன்னலோரம் நடந்தபடியே சரோஜா சொன்னார்:

"அப்ப வெறும் வயித்தோட வாங்க."