சலித்த சாம்பல்

எங்கள் தெருவில் பூனைக்குக் கக்கூஸ் வைத்தவள் நான் ஒருத்திதான். பெருமைக்காகச் சொல்லவில்லை. அதனால் வந்த வினையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை வருஷமாக ஒருத்தியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வாய் கூசியது.

நயா பைசா வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். திண்டுக்கல்லில் ஓர் ஓட்டு வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் வாடகைக்கு இருந்தோம். அவருக்குப் பழஞ்சாக்கு வியாபாரம். புகையிலைக் கிட்டங்கியிலும் அரிசி மில்லிலும் கழித்துப் போடும் சாக்குகளை வாங்கி வந்து, கிழிசலைத் தைத்து, வெங்காய மண்டிக்கு விற்பார். வீட்டின் பின்னறை முழுக்கச் சாக்குதான். சாக்கு இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலிக்காக ஒரு பூனைக்குட்டியைப் பிடித்து வந்தார். பிடித்து வந்தவர் அவர், வளர்த்தவள் நான்.

அந்தப் பூனை எலியை ஒழுங்காகத்தான் பிடித்தது. ஆனால் குட்டியாக இருந்தபோதே தெருநாய் ஒன்று அதன் காதைக் கடித்துக் கிழித்துவிட்டது. அன்றிலிருந்து வாசற்படியைத் தாண்டாது. தாண்டாத பூனை எங்கே போகும்? சாக்கு அடுக்கில்தான் போனது. ஒருநாள் மண்டிக்காரர் ஒரு கட்டுச் சாக்கை மோந்து பார்த்துவிட்டு, வண்டியோடு திருப்பி அனுப்பிவிட்டார். அன்று வீட்டுக்காரர் சாப்பிட உட்காரும்போது அமைதியாகத்தான் சொன்னார். இன்னொரு சாக்கு நாறினால் பூனையைச் சாக்கிலேயே கட்டிக் குடகனாற்றுப் பக்கம் விட்டுவிடுவேன் என்றார். அவர் சத்தம் போட்டால் நான் பயப்பட மாட்டேன். அமைதியாகச் சொன்னால் செய்துவிடுவார்.

பூனையைக் கைவிட எனக்கு மனசில்லை. அந்த ஊரில் நான் பேசுவதை எதிர்ப்பேச்சு பேசாமல் கேட்டது அது ஒன்றுதான். அதனால் ஒரு மண்ணெண்ணெய் டின்னைக் குறுக்கே வெட்டி, அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட்டு, பின்னறை மூலையில் வைத்தேன். இரண்டு நாள் பூனையைத் தூக்கித் தூக்கி அதில் விட்டேன். மூன்றாம் நாள் அதுவாகவே போய், இருந்து, காலால் தள்ளி மூடிவிட்டு வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்தால் பிள்ளை பரீட்சையில் பாஸ் பண்ணியது போல இருந்திருக்கும்.

வைத்தாகிவிட்டது, எங்கே கொட்டுவது? எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்தது ஒரு பாய் விரிக்கிற அளவு சிமெண்டுத் தரையும் அடுத்த வீட்டுச் சுவரும்தான். குழி தோண்ட ஒரு சாண் மண் கிடையாது. முன்னால் சாக்கடை. அதில் கொட்டினால் சாம்பல் கரைந்து போகும், மற்றது நேராகப் போய் எதிர்வீட்டு வாசலில் நிற்கும். எதிர்வீட்டம்மா சும்மா விடுகிற ஆள் இல்லை. மிச்சம் இருந்தது தெருமுனை முனிசிபாலிட்டித் தொட்டி. அதற்குப் போக வேண்டுமானால் குழாயடியைத் தாண்ட வேண்டும். தண்ணீருக்குப் பத்துப் பெண்கள் நிற்பார்கள். நான் டின்னைத் தூக்கிக்கொண்டு மூன்று நாள் போனேன். நாலாம் நாள் ஒருத்தி, பூனைக்கு ஆயா வேலை பார்க்கிற மகராசி வருகிறாள், வழி விடுங்கடி என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். டின்னைக் கீழே வைத்துவிட்டு அவளுடைய மூன்று தலைமுறையையும் இழுத்துப் பேசினேன். பேசி முடித்து வீட்டுக்கு வந்து, இனி டின்னோடு அந்த வழியில் போனால் நான் ஓர் ஆளே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வீம்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

வாரம் இருமுறை அகரத்திலிருந்து ஓர் அக்கா காய்கறிக் கூடையோடு வருவாள். நாற்பத்தைந்து வயது இருக்கும், கறுத்து ஒல்லியான உடம்பு. அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. கூடையோடு ஒரு சாக்கும் வைத்திருப்பாள். ஒரு டின் அடுப்புச் சாம்பல் கொடுத்தால் இரண்டு கை அவரைக்காய் கொடுப்பாள். அவரைக் கொடியில் பேன் பிடித்தால், விடியற்காலைப் பனி ஈரத்தோடு இலையில் சாம்பலைத் தூவ வேண்டும். அவள் அடுப்புச் சாம்பல் அவள் கொடிக்குப் பற்றாது. டவுனில் விறகடுப்பு எரியாத வீடு ஏது? தெருவே அவளுக்குச் சாம்பல் சேர்த்து வைத்திருந்தது. எங்கள் வீட்டுச் சாம்பல் மட்டும் மொத்தமும் பூனைக்குப் போனது. இரண்டு வாரம் இல்லை என்று சொன்னேன். மூன்றாம் வாரம் அவள் சிரித்துக்கொண்டே, அடுப்பே மூட்டுறதில்லையா தாயி, கிளப்புக்கடைச் சோறா என்று கேட்டாள். எதிர்வீட்டம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது.

அந்த வாரம் பூனை டின்னைப் பின்பக்கச் சிமெண்டுத் தரையில் வெயிலில் கவிழ்த்தேன். நன்றாகக் காய்ந்ததும் கட்டியானதையெல்லாம் குச்சியால் தள்ளி எடுத்து, ராத்திரி எதிர்வீட்டுக் கதவு சாத்தியதும் சாக்கடையில் போட்டு ஒரு குடம் தண்ணீர் விட்டுத் தள்ளினேன். பழைய சல்லடை ஒன்று இருந்தது. அதில் மிச்சத்தைச் சலித்தேன். மாவு மாதிரி விழுந்தது. மேலே ஒரு படி புதுச் சாம்பலைப் போட்டுக் கலந்து அடுத்த முறை அவளிடம் கொடுத்தேன். அவள் கையை விட்டுப் பார்த்து, இம்புட்டு நைசா யாரு வீட்டுலயும் குடுக்கலை தாயி என்றாள். இரண்டு கைக்குப் பதில் மூன்று கை அவரைக்காய் என் மடியில் விழுந்தது. நான் வாங்கிக்கொண்டேன்.

ஒருமுறை என்றால் புத்தி கெட்டுப்போயிற்று என்று விடலாம். புரட்டாசி தொடங்கிக் கார்த்திகை வரை அதையே செய்தேன். எருப் போடாமல் எந்தக் காய் விளைகிறது, மாட்டுச் சாணி ஆகலாம், ஆட்டுப் புழுக்கை ஆகலாம், பூனை மட்டும் ஆகாதா என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டேன். அவளானால் என் சாம்பலைக் கொண்டாடினாள். இதில் ஒரு காரம் இருக்கிறது, பேன் அண்ட மாட்டேன் என்கிறது என்று தெருவெல்லாம் சொன்னாள். எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வருவாள், என் சாம்பலை மட்டும் மற்றதோடு கலக்காமல் தனிச் சாக்கில் கட்டிக்கொள்வாள். அவரைக்காயைப் பொரியலும் கூட்டுமாக வைத்து வீட்டுக்காரருக்குப் போட்டேன். நான் ஒரு காய்கூட வாயில் வைக்கவில்லை. அவரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வாயு பிடிக்கிறது என்று அவரிடம் சொன்னேன். பாவம், நம்பிக்கொண்டு எனக்கென்று தனியாகக் கத்தரிக்காய் வாங்கி வந்தார்.

கார்த்திகை கடைசியில் அவள் இரண்டு முறை வரவில்லை. மூன்றாம் முறை வந்தபோது கூடை இல்லை. வலது கையில் பழந்துணி சுற்றியிருந்தது. கை முழங்கை வரை வீங்கி மினுமினுவென்று இருந்தது. முகம் காய்ச்சலில் வாடிக் கிடந்தது. பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும், வழி தெரியாது, தெரிந்த முகம் என்று உன்னிடம் வந்தேன் என்றாள். நான் கதவைச் சாத்திவிட்டு அவளோடு கிளம்பினேன். என்ன ஆயிற்று என்று வழியில் கேட்டேன். அவள் இடது கைக்காரி, கொடிக்குப் பந்தல் கம்பு சீவும்போது அரிவாள் வலது ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டதாம். ரத்தம் நிற்கவில்லையாம். பக்கத்தில் சாம்பல் சாக்குத்தான் இருந்ததாம்.

"ஒன் சாம்பலத்தான் தாயி அள்ளி வச்சு அமுக்குனேன். அதுதான சுத்தம்."

நான் நடுரோட்டிலேயே நின்றுவிட்டேன். வெயில் என்று நினைத்து அவள் என்னை ஓரமாக நிற்கச் சொன்னாள். அவள் கை அப்படி எரிந்துகொண்டிருக்கிறது, என்னை நிழலில் நிறுத்துகிறாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் துணியைப் பிரித்ததும் முகத்தைச் சுளித்தார். என்ன வைத்தாய் என்றார். அவள் சாம்பல் என்றாள். சாம்பலா, குப்பைமேட்டுச் சாம்பலா, பட்டிக்காட்டுப் புத்தி போகிறதா பார், கையை எடுக்க வேண்டி வந்தால் என்ன செய்வாய் என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கு முன்னாலும் அவளைத் திட்டினார். அவள் குன்றிப்போனாள். பிறகு தலையை நிமிர்த்தி என்னைக் காட்டினாள்.

"குப்பைச் சாம்பலு இல்லைங்க. இந்தத் தாயி வீட்டு வெறகுச் சாம்பலு. கேட்டுப் பாருங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். அப்படியா என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

ஆமாம், ஆட்டினேன். குழாயடியில் மூன்று தலைமுறையை இழுத்துப் பேசிய வாய் அங்கே திறக்கவில்லை. இப்போது எழுதும்போதும் கழுத்தெல்லாம் சூடாகிறது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த நேரத்தில் அவள் கை போய்விடுமோ என்றுகூட நான் முதலில் நினைக்கவில்லை. விஷயம் தெரிந்தால் தெருவில் எப்படி நடப்பேன் என்றுதான் நினைத்தேன். அதுதான் நான்.

ஊசி போட்டு, சீழை எடுத்து, அவளைப் படுக்கையில் வைத்தார்கள். பதினெட்டு நாள் கிடந்தாள். தினமும் கஞ்சி கொண்டுபோனேன். பக்கத்துப் படுக்கைக்காரியிடம், கூடப் பொறந்தவ கூட இப்படிப் பாக்க மாட்டா என்று அவள் என்னைப் பற்றிச் சொல்வாள். ஒவ்வொரு நாளும் சொல்லிவிட வேண்டும் என்று போவேன். தூக்குவாளியைக் கழுவிக்கொண்டு திரும்பி வருவேன். கை பிழைத்துவிட்டது. ஆள்காட்டி விரல் மட்டும் மடங்காமல் குச்சியாக நின்றுவிட்டது.

அன்றிலிருந்து பூனை டின்னை நானே தெருமுனைத் தொட்டிக்குக் கொண்டுபோனேன். குழாயடியில் கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்தே போனேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று போனேன். அதில் மனம் கொஞ்சம் ஆறும் என்று பார்த்தேன். ஆறவில்லை.

தை பிறந்து அவள் மறுபடி கூடையும் சாக்குமாக வந்தாள். முதலில் எங்கள் வீடுதான். பூனைக்குக் கண்ணிலேயே காட்டாத சாம்பலைத் தனியாக ஒரு டின்னில் சேர்த்து வைத்திருந்தேன். கொடுத்தேன். அவள் இடது கையால் அள்ளித் தேய்த்து மோந்து பார்த்தாள். முன்னாடி இருந்த காரம் இதுல இல்லையே தாயி என்றாள்.

அதற்கு மேல் தாங்கவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டின், சல்லடை, டாக்டருக்கு முன்னால் தலையாட்டியது, எதையும் மறைக்கவில்லை. பூனை உள்ளே சாக்கின் மேல் படுத்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு தன் விரலைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நாங் குடுத்த காய நீயும் தின்னியா தாயி?"

அவள் கண்ணில் ஓர் ஆசை இருந்தது. ஆமாம் என்று நான் சொல்ல வேண்டும் என்ற ஆசை.

"தின்னேன்க்கா" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது.

"அப்பச் சரி. கெடுதின்னு தெரியாமத்தான் செஞ்சிருக்க. தெரிஞ்சு செய்யிறவ தின்ன மாட்டால்ல."

கூடையிலிருந்து அவரைக்காயை வலது கையால் அள்ளினாள். மடங்காத விரல் ஓரமாக இரண்டு காய் நழுவித் தரையில் விழுந்தன. குனிந்து பொறுக்கி, முந்தானையில் துடைத்து, அதையும் என் மடியில் போட்டாள்.