நடவு வயலோரம் ஒரு கண்டன்சர்

சுவாமிமலையில் சிலை வார்க்கிற பட்டறை ஒன்றில், உருக்குவதற்காக வாங்கிப் போட்டிருந்த பித்தளைக் குவியலுக்கு அடியில் அந்த வால்வு ஆம்ப்ளிபயர் கிடந்தது. தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். சுவிட்சைப் போட்டால் வால்வுகள் அழகாகச் சிவந்தன. பாட்டுக்குப் பதில் ரைஸ்மில் ஓடுகிற மாதிரி ஓர் உறுமல்தான் வந்தது. உறுமலை அடக்கிவைக்க வேண்டிய கண்டன்சர் உள்ளே காய்ந்துபோயிருந்தது. தீபாவளிக்குள் பாடாவிட்டால் வந்த இடத்துக்கே உருகப் போய்விடும் என்று மனைவி சொல்லிவிட்டாள்.

தஞ்சாவூர்க் கடையில் கேட்டேன். பழைய கண்டன்சர் டார்ச்லைட் பேட்டரி தண்டிக்கு இருந்தது. கடைக்காரர் கட்டைவிரல் அளவில் ஒன்றை எடுத்து வைத்து, இப்போது எல்லாமே சின்னதாகத்தான் வருகிறது என்றார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெரிய டப்பாவுக்குள் சின்னதை ஒளித்து விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சின்ன டப்பாவுக்குள் எதை ஒளித்திருப்பார்கள்? வாங்கிவந்து மீட்டரில் வைத்துப் பார்த்தேன், அளவு சரியாக இருந்தது. ஆனால் மீட்டரையும் அதே கடையில்தான் வாங்கியிருந்தேன்.

பொருத்தினால் வெடிக்கும் என்று முடிவுகட்டினேன். வலங்கைமான் பக்கத்து ஊர் ஒன்றில், விவசாயத் தொழிலாளர் சங்கக் கொட்டகையில் பழைய ஆம்ப்ளிபயர் சும்மா கிடப்பதாகக் காதில் விழுந்தது. அந்தக் காலத்துக் கண்டன்சர் ஏமாற்றாது, கேட்டு வாங்கிவிடலாம் என்று ஸ்கூட்டரில் கிளம்பினேன். பையில் மீட்டர், சால்டரிங் அயர்ன், சந்தேகத்துக்குரிய புதுக் கண்டன்சர்.

அது என்ன மாதிரியான வருடம் என்று நான் யோசித்திருக்க வேண்டும். வயலுக்கு அடியிலிருந்து எரிவாயு எடுக்கக் குழாய் இறக்கப்போகிறார்கள் என்று டெல்டா முழுக்கக் கொதித்துக் கிடந்தது. ஆள்கிற கட்சி ஆண்ட கட்சியைக் கைகாட்டியது, ஆண்ட கட்சி ஆள்கிற கட்சியைக் கைகாட்டியது. ஊர்க்காரர்கள் இரண்டையும் நம்பாமல் வரப்பில் காவல் இருந்தார்கள். கருவியோடு வருகிறவன் எவனும் நிலத்தைச் சோதிக்க வந்தவன்தான்.

எனக்கோ வழியிலேயே மறுபடி சந்தேகம் வந்துவிட்டது. மீட்டர் ஒருவேளை முதல்முறை தப்பாகக் காட்டியிருந்தால்? வாய்க்கால் ஓரம் வண்டியை நிறுத்தி, நடவு வயலின் வரப்பில் குந்தி, சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் மண்ணில் புரள மீட்டரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

முன்னால் வந்தவர் என் வயதுள்ள ஓர் அம்மாள். சேற்றுக்கையோடு என் எதிரில் நின்றார்.

"எங்க மண்ணுல என்ன சார் பாக்குறீங்க?"

"மண்ணுல இல்லைங்க, கண்டன்சரைப் பாக்குறேன்."

"அதுக்கு உங்க ஊர்ல வரப்பு இல்லியா?"

எந்த ஊர் என்று கேட்டார்கள். பதற்றத்தில் என் ஊரை விட்டுவிட்டு மாமனார் ஊரைச் சொன்னேன். அங்கே யார் வீடு என்றார்கள். மாமனார் பெயர் மறந்துபோயிருந்தது. அந்த அம்மாள் ஸ்கூட்டர் சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டார்.

சங்கக் கொட்டகைக்கு நடத்திக்கொண்டு போனார்கள். அங்கே போகத்தான் வந்தேன் என்று சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. சங்கச் செயலாளர் அந்த ஊர்ப்பிள்ளை, கும்பகோணம் கோர்ட்டில் வக்கீல். என் பையைக் கொட்டிப் பார்த்துவிட்டு மூலையைக் காட்டினார்.

"ரேடியோக்காரர்னா நல்லதாப் போச்சு. எங்க தாத்தா காலத்துல கூலி கேட்டுப் பண்ணை வாசல்ல பேசின ஆம்ப்ளிபயர் அது. இப்ப உறுமுது. சாயங்காலம் கூட்டம் இருக்கு. பேச வைங்க, சாவி தர்றோம். இல்லன்னா தாசில்தார் வந்து அடையாளம் சொல்லட்டும்."

திறந்தேன். நான் நம்பி வந்த பழைய கண்டன்சரை மீட்டரில் வைத்தேன். முள்ளங்கியை வைத்திருந்தால்கூட அதைவிட அதிகம் காட்டியிருக்கும். என்னுடையதைப் போலவே காய்ந்துபோயிருந்தது.

மிச்சம் இருந்தது பையில் கொண்டுவந்த அந்தப் புதுக் கண்டன்சர்தான். கையில் வைத்துக்கொண்டு தயங்கினேன். ஏன் என்று அந்த அம்மாள் கேட்டார்.

"இதை நம்ப முடியாதுங்க."

"உங்களையே இன்னும் நம்பல. இதுல அது வேறயா?"

பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பற்றவைத்தேன். பிளஸ் எது, மைனஸ் எது என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். வெடித்தால் ஒற்றன் என்பதோடு குண்டு வைத்தவன் என்ற பெயரும் சேரும். சுவிட்சைப் போடச் சொல்லிவிட்டு நைசாகக் கதவுக்குப் பின்னால் நகர்ந்தேன். திரும்பிப் பார்த்தால் வக்கீல் உட்பட அத்தனை பேரும் எனக்குப் பின்னால் நிற்கிறார்கள். அந்த அம்மாள் மட்டும் ஆம்ப்ளிபயர் பக்கத்தில், இடுப்பில் என் சாவியோடு.

வால்வு சிவந்தது. உறுமலைக் காணோம். வக்கீல் வந்து மைக்கில் ஊதுவதற்குள் அந்த அம்மாள் அதை வாங்கிக்கொண்டார்.

"மீட்டர் வச்சிருந்த ஆளு ரேடியோக்காரர்தான். கீழத்தெரு ஆளுங்க வர வேண்டாம். கம்பையெல்லாம் போட்டுடுங்க."

கம்பு வந்துகொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும்.

சாவி வந்தது, டீயும் வந்தது. கண்டன்சரைத் திருப்பிக் கேட்கும் தைரியம் வரவில்லை. மறுநாள் தஞ்சாவூர்க் கடைக்குப் போய் அதே மாதிரி இன்னொன்று கேட்டேன். கடைக்காரர் உடனே எடுத்து வைத்தார். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தேன்.

"இது அதைவிட லேசா இருக்கே?" என்றேன்.