முஸம்மில் கேட்ட ஆள்

தம்புள்ளைக் கூடைப்பந்துக் கழகத்தின் பயிற்றுநர் முஸம்மில் தொலைபேசியில் கேட்டதை றஹீம் முதலில் விளையாட்டுப் பேச்சு என்றே நினைத்தார்.

"மச்சான், எங்கட புஹாரிய தாறன். நீ கஜீபன தா. ஆளுக்கு ஆள். வேற ஒண்ணும் வாணாம்."

புஹாரி ஆறடி நாலங்குல உயரம். கூடைக்குக் கீழே நின்று கையைத் தூக்கினால் பந்து தானாகவே அவன் கைக்கு வரும். கஜீபன், றஹீம் பயிற்றுவிக்கும் மாத்தளைக் கழகத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன். ஒன்பது ஆட்டங்களில் மொத்தமாகப் பதினான்கு புள்ளிகள் எடுத்திருந்தான். வாழைக்குலையைக் கொடுத்துவிட்டு வாழைப்பூவைக் கேட்பது மாதிரி இருந்தது பேச்சு.

"யோசிச்சு சொல்றன்" என்று றஹீம் வைத்துவிட்டார்.

றஹீமுக்கு ஐம்பத்து மூன்று வயது. மாத்தளையின் திருகோணமலை வீதியில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கும் கடையொன்றில் முப்பது வருடமாகச் சரக்குப் பார்ப்பவர். இரத்தோட்டைப் பக்கத்திலிருந்து மூட்டை வந்து இறங்கினால் மேலே இருக்கும் மிளகை அவர் பார்க்கவே மாட்டார். முழங்கை வரை கையை விட்டு நடுவிலிருந்து ஒரு பிடி எடுப்பார். பப்பாசி விதை கலந்திருக்கிறதா, எடை கூடுவதற்குத் தண்ணீர் தெளித்திருக்கிறதா என்று விரலே சொல்லிவிடும். அவரை ஏமாற்ற முடியாது என்று விவசாயிகள் சொல்வார்கள். அவரோடு பழக முடியாது என்றும் சொல்வார்கள். தேநீர் கொண்டுவந்து வைத்தால், "இண்டைக்கு என்ன விசேசம்?" என்று கேட்கிற மனிதர் என்று மனைவி ஸுலைஹா பக்கத்து வீடுகளில் சொல்லிச் சிரிப்பாள்.

இளவயதில் ஊர் அணிக்குக் கூடைப்பந்து ஆடியவர் அவர். முஸம்மிலும் அப்போது அதே அணிதான். றஹீம் ஏழு வருடமாகச் சம்பளம் எதுவும் இல்லாமல் கழகத்துக்குப் பயிற்சி கொடுக்கிறார்.

வீரர்களை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது பிறகுதான். பொருளாதாரம் விழுந்த வருடத்திலிருந்து ஆடத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கட்டாருக்கும் டுபாய்க்கும் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு கழகத்தில் உயரமான ஆள் இல்லை, இன்னொன்றில் ஓடுவதற்கு ஆள் இல்லை. ஆகவே மாவட்டத்தின் ஆறு கழகங்களும் கூடிப் பேசி, பருவத்தின் நடுவில் பத்து நாள் ஒதுக்கின. அந்தப் பத்து நாளுக்குள் வீரர்களைக் கழகங்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம்.

றஹீமின் பெஞ்சில் நான்கு பேர். அஜந்தன் தூரத்திலிருந்து குறி தவறாமல் எறிவான், ஆனால் முப்பத்திரண்டு வயதாகிவிட்டது, ஓட மாட்டான். இன்ஷாப் மின்னல் மாதிரி ஓடுவான், ஓடுகிற வேகத்தில் யாரையாவது இடித்துத் தள்ளிவிட்டு வெளியே வருவான். மூன்றாமவன் கழகச் செயலாளர் சிவசாமியின் அக்கா மகன். அவன் ஏன் இருக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. நான்காமவன் கஜீபன். குறையும் இல்லை, நிறைவும் இல்லை. ஒருவனை விடுவதென்றால் கஜீபனைத்தான் என்று றஹீம் மனதுக்குள் முடிவே செய்திருந்தார்.

அதனால்தான் தூக்கம் போயிற்று. நாம் வீசப்போகிற பொருளை ஒருவன் விலை சொல்லிக் கேட்டால், ஒன்று அவன் முட்டாள், இல்லாவிட்டால் நாம். முஸம்மில் முட்டாள் இல்லை. போன பருவத்தில் முஸம்மிலிடமிருந்து எடுத்த ஒருவன் மூன்றாவது ஆட்டத்திலேயே தோள்வலி என்று உட்கார்ந்துவிட்டது றஹீமுக்கு மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் சொல்லாமல் தம்புள்ளைக்கு பஸ் ஏறினார். மைதானத்து மதிலுக்கு வெளியே, வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணிநேரம் புஹாரியின் முழங்காலையே பார்த்தார். புஹாரி ஓடினான், குதித்தான், விழுந்து எழும்பினான். ஒரு பழுதும் இல்லை.

அப்படியானால் பழுது தன் பக்கத்தில்தான் என்று றஹீம் முடிவுக்கு வந்தார். கஜீபனுக்கும் முஸம்மிலுக்கும் இடையில் ஏதோ பேச்சு நடந்திருக்கிறது.

புதன்கிழமைகளில் கஜீபன் பயிற்சிக்கு வருவதில்லை. தண்ணீர் மோட்டர் திருத்தும் கடையொன்றில் வேலை செய்தான். புதன்கிழமை ஆறு மணிவரை விடமாட்டார்கள் என்று சொல்லியிருந்தான். திங்கட்கிழமை றஹீம் அந்தக் கடைக்குப் போய்ப் பழுதில்லாத ஒரு மோட்டரைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் கேட்டார்.

"புதன்கிழமை வந்தா கஜீபன் பாத்துத் தருவானா?"

"புதன்கிழமை பகல் ரெண்டு மணிக்கே போயிடுவானே றஹீம் நானா" என்றார் கடைக்காரர்.

புதன்கிழமை பல்வலி என்று தன் முதலாளியிடம் பொய் சொல்லிவிட்டு றஹீம் பஸ் நிலையத்தில் நின்றார். கஜீபன் வந்தான். அவன் வீடு இரத்தோட்டையில். ஆனால் அவன் ஏறியதோ தம்புள்ளை பஸ்ஸில். தான் நினைத்தது சரியாகிவிட்டது என்ற சந்தோசமா, கவலையா என்று றஹீமுக்கே விளங்கவில்லை. முன்கதவால் ஏறி, தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு சாரதிக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

கஜீபன் தம்புள்ளை வரை போகவில்லை. நாவுலயில் இறங்கினான். றஹீமும் இறங்கி, மரக்கறி மூட்டைகளுக்கு நடுவில் ஒதுங்கி ஒதுங்கி நடந்தார். விதைநெல் கடையொன்றின் பக்கவாட்டுப் படியால் கஜீபன் மேலே ஏறினான். கொஞ்சம் பொறுத்து றஹீமும் ஏறினார். பாதிப் படியிலேயே சத்தம் கேட்டது. பத்துப் பதினைந்து பேர் ஒரே குரலில் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிங்களம் இல்லை, தமிழும் இல்லை. எட்டிப் பார்த்தார். பலகையில் வட்டமும் கோடுமாக எழுத்துகள். மூன்றாவது வரிசையில் கஜீபன்.

வகுப்பு நடத்தியவர் சிங்களத்தில், "சேர்வதற்கா வந்தீர்கள்?" என்று கேட்டார். எல்லோரும் திரும்பினார்கள். கஜீபனும் திரும்பினான்.

கீழே தேநீர்க் கடையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"என் பின்னாலயா வந்தீங்க சேர்?"

"ஓம்."

"எதுக்கு?"

"முஸம்மில் ஒன்ன கேட்டாரு. நீ அவரோட பேசிட்டு ஈக்கிறேன்னு நெனச்சேன்."

"அவர்கூட நான் பேசுனதே கெடையாது. மேட்ச் முடிஞ்சா கை குடுப்பேன். அவ்வளவுதான்."

"அப்ப ஏன் பொய் சொன்னாய்? கொரியன் வகுப்பு மாத்தளையிலயும் ஈக்குதானே."

"அங்க படிச்சா ஒரு வாரத்துல ஒங்க காதுக்கு வந்துரும். வெளிநாடு போறவன வச்சு என்ன செய்யன்னு மொதல்ல என்னையத்தான் விடுவீங்க. போன வருசம் ரெண்டு பேர அப்பிடித்தான விட்டீங்க?"

விட்டது உண்மை.

"கொரியா வேலைக்கு பரீட்சை அடுத்த மாசம்" என்றான் கஜீபன். "பாஸ் பண்ணினாலும் எப்ப கூப்பிடுவாங்கன்னு தெரியாது. ஆறு மாசமும் ஆகலாம், ரெண்டு வருசமும் ஆகலாம். கூப்பிடாமயே விட்டாலும் விட்டதுதான். அதுவரைக்கும் வெளையாடணும்னு ஆச. வேற ஒன்னும் இல்லைங்க."

அவன் எழுந்து வகுப்புக்குப் போய்விட்டான். தேநீரைத் தொடவே இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் றஹீமுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சந்தேகம் அடங்கவில்லை. இவன் பேசவில்லை என்றால் முஸம்மில் எதைக் கண்டு இவனைக் கேட்டான்?

சிவசாமியின் மகள் விதுஷா எல்லா ஆட்டத்தையும் தொலைபேசியில் படம்பிடித்துக் கழகத்தின் முகநூல் பக்கத்தில் போட்டிருந்தாள். பௌர்ணமிப் போயா விடுமுறையன்று பகல் ளுஹர் தொழுதுவிட்டு றஹீம் அதைப் போட்டுப் பார்க்க உட்கார்ந்தார். ஸுலைஹாவையும் கூப்பிட்டு, பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போடச் சொன்னார். கஜீபன் உள்ளே வந்தால் எழுத வேண்டும், வெளியே போனால் நிறுத்த வேண்டும். நம் புள்ளி ஒரு பக்கம், எதிரணிப் புள்ளி மறு பக்கம்.

மூன்றாவது ஆட்டத்தில் ஸுலைஹா பேனையை வைத்துவிட்டுக் கேட்டாள். "இந்தப் புள்ள பந்த தொடுறதே இல்ல. ஆனா இவன் வந்தா மத்த பக்கத்து ஆக்கள் ஏன் தட்டுத்தடுமாறுறாங்க?"

றஹீம் அந்த இடத்தைத் திருப்பிப் போட்டார். இன்ஷாப் ஓடி வரும் பாதையில் கஜீபன் இரண்டு எட்டு முன்னாலேயே போய் நின்று எதிராளியை மறித்திருந்தான். இன்னொரு இடத்தில் தன்னைவிட ஒரு சாண் உயரமானவனை முதுகாலேயே தள்ளிக் கூடைக்குத் தூரமாக வைத்திருந்தான். பந்தை எடுத்தவன் வேறு ஆள். கைதட்டு வாங்கியவனும் வேறு ஆள். ஏழு வருடமாகப் பந்து போன பக்கமே றஹீமின் கண்ணும் போயிருந்தது.

ஒன்பது ஆட்டத்திலும் அவன் உள்ளே இருந்தது அறுபத்தொரு நிமிடம். அந்த நிமிடங்களில் மட்டும் மாத்தளை முப்பத்தெட்டுப் புள்ளி அதிகம். அந்த ஒன்பதில் ஐந்தில் தோற்ற அணி அது.

"முஸம்மில் இத பாத்தீக்கிறான்" என்றார் றஹீம்.

"நீங்க பாக்கல்ல" என்றாள் ஸுலைஹா.

றஹீம் எல்லாவற்றையும் சொன்னதும் சிவசாமிக்கு வேறு யோசனை வந்தது. "றஹீம் நானா, நீங்க கொரியாவ பத்தி ஒன்னும் பேசாதீங்க. பேசாம குடுத்துருங்க. அவன் எப்பிடியும் கொரியாவுக்கு போகப்போறவன். தம்புள்ளையில இருந்து போகட்டுமே. நமக்கு புஹாரி வந்துருவான்ல?"

தப்பில்லாத கணக்குத்தான். ஒரு பகல் முழுக்க றஹீம் அதைச் சுமந்துகொண்டு திரிந்தார். கடையில் ஒரு கிழவர் கொண்டுவந்த மிளகில் ஈரம் இருந்தது. வழக்கம்போல் திட்ட வாயெடுத்தவர், நிறுத்தி, "காய வச்சு நாளைக்கு கொண்டாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். பின்னேரம் கஜீபனைத் தேடிப் போனார்.

"முஸம்மிலுக்கு ஒன்ட பரீட்சைய பத்தி சொல்லணும். ஒன்ன கேக்காம சொல்ல மாட்டன்."

கஜீபன் கையிலிருந்த கிறீஸைத் துடைத்தான். "பின்னால வந்தப்ப கேக்கலையே சேர்" என்றான். பிறகு, "சொல்லுங்க" என்றான்.

றஹீம் அன்றே முஸம்மிலை அழைத்தார். "மச்சான், கஜீபன் கொரியாவுக்கு படிக்கிறான். எப்ப போவான்னு தெரியாது. தெரிஞ்சுகொண்டு எடுக்கிறதுன்னா எடு."

மறுமுனையில் சிரிப்பு. "இப்பதான் வீடியோவ பாத்தியா?"

"பாத்தேன்தான். ஆனா கொரியா உண்மை. வல்லாஹி."

"சத்தியம் வேற பண்ணாத. ஒன்ன முப்பத்தஞ்சு வருசமா தெரியும். நீயா வந்து ஒரு உண்மைய சொன்னா அதுக்குள்ள ஏதோ ஈக்கு. குடுக்க விருப்பமில்லாட்டி இல்லன்னு சொல்லு. கத வாணாம்."

தொலைபேசி வைக்கப்பட்டது. தன் வாய்ச்சொல்லை ஒருவன் முகர்ந்து பார்த்துத் திருப்பித் தந்தது றஹீமுக்கு அதுதான் முதல் தடவை.

புஹாரி வேறொரு கழகத்துக்குப் போனான். பத்தாவது நாள் றஹீம் ஒரே ஒரு மாற்றம் செய்தார். சிவசாமியின் அக்கா மகனை இரத்தோட்டைக் கழகத்துக்குக் கொடுத்து, அங்கிருந்து நடுத்தர உயரமான ஒருவனை எடுத்தார். சிவசாமி இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அந்தப் பையன் இரத்தோட்டையில் முதல் ஆட்டத்திலேயே ஆடக் கிடைத்ததில் சந்தோசமாக இருந்தான்.

கஜீபன் பெஞ்சிலிருந்து எழுந்தான். மிச்சமிருந்த ஆறு ஆட்டங்களிலும் தொடக்கத்திலிருந்தே ஆடினான். நான்கில் வென்றார்கள். தம்புள்ளையிடம் மூன்று புள்ளியால் தோற்று மூன்றாமிடம் வந்தார்கள். பரீட்சையிலும் அவன் சித்தியடைந்தான். கூப்பிடத்தான் இல்லை. றஹீமோடு மரியாதையாகப் பேசினான். முன்போல் சிரித்துப் பேசுவதற்கு நாளெடுத்தது.

புதிய பருவத்தின் முதல் பயிற்சியன்று றஹீம் எல்லோரையும் சீமெந்துத் தரையில் உட்காரவைத்தார்.

"வெளிநாட்டுக்கு போக பாக்குற ஆக்கள் கைய தூக்குங்க. அதுக்காக யாரையும் விட மாட்டன். தெரிஞ்சாத்தான் எனக்கு ஆள் போட ஏலும்."

முதலில் கஜீபன் கை தூக்கினான். பிறகு இன்ஷாப். பிறகு அணித்தலைவன். ஒவ்வொன்றாக ஏழு கைகள் எழுந்தன.

றஹீம் தலையாட்டினார். பின், கை தூக்காமல் இருந்த ஐந்து பேரையும் கொஞ்ச நேரம் ஒவ்வொருவராகப் பார்த்தார்.