கிளாஸைச் சுழற்றிய கை

எனக்கு ஒயின் குடிக்கக் கற்றுக்கொடுத்தவர் என் வீட்டுக்காரர். அதைப் பயந்து பயந்து குடிக்க வைத்தது சர்க்கார். மதுவிலக்குச் சட்டம் பட்டணத்துக்கு வந்த புதிதில் நாங்கள் ராயபுரத்தில் ஒரு நீளமான ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். ஆறு குடித்தனம், ஒரே முற்றம், ஒரே குழாய். எங்களுக்கும் பக்கத்துக் குடித்தனத்துக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். அந்தப் பக்கம் இருந்தவர் போலீஸ் ஏட்டு. அதுவும் எந்தப் பிரிவு என்கிறீர்கள்? சாராயம் பிடிக்கிற பிரிவு. எங்கள் தலையெழுத்தைப் பாருங்கள்.

என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளை எண்ணிக் குறித்துக்கொள்கிற குமாஸ்தா. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒரு பிரெஞ்சுக் கப்பலில் சாப்பாட்டு அறையைக் கவனித்துக்கொள்ளும் ஒரு தொந்திக்காரர் இருந்தார். எல்லோரும் அவரைப் பட்லர் என்றுதான் கூப்பிடுவார்களாம். ஒருநாள் என் வீட்டுக்காரரின் மதியச் சாப்பாட்டிலிருந்து இறால் ஊறுகாயை ஒரு விரல் வழித்து நக்கிப் பார்த்த மனிதர் அதன்பின் அதற்கு அடிமையாகிவிட்டார். நான் ஒரு ஜாடி ஊறுகாய் கொடுத்து அனுப்பினால் ஒரு பாட்டில் சிவப்பு ஒயின் வரும். இதெல்லாம் சட்டம் வருவதற்கு முன்னால்.

முதல் பாட்டில் வந்த அன்று நான் ஆடிய ஆட்டம் எனக்கே இப்போது வெட்கமாக இருக்கிறது. "குடிகாரன் பொண்டாட்டின்னு தெருவே பேசணுமா? எத்தினி நாளாய்யா இந்தப் பயக்கம்?" என்று கத்தினேன். "இது சாராயம் இல்லமே, திராட்ச ரசம். ஒரு வாய் பாத்துட்டு அப்புறம் திட்டு" என்றார். சரியென்று டம்ளரில் ஊற்றி, நாலு பேர் செய்கிற மாதிரி, உதட்டில் படாமல் அண்ணாந்து வாயில் விட்டுக்கொண்டேன். கெட்டுப்போன புளித்தண்ணீர்! "இதுக்குப் போயா என் ஊறுகாயக் குட்த்த?" என்று டம்ளரை வைத்துவிட்டேன்.

அடுத்த நடை கப்பல் வந்தபோது இதை அவர் பட்லரிடம் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் தொந்தியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். அண்ணாந்து குடித்தால் நாக்குக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது என்று கையாலேயே பாடம் நடத்தி அனுப்பினார். கண்ணாடிக் கிளாஸில் கால்வாசிதான் ஊற்ற வேண்டும். வெளிச்சத்தில் சாய்த்து நிறம் பார்க்க வேண்டும். அடியைப் பிடித்து மெல்லச் சுழற்ற வேண்டும். மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்க்க வேண்டும். பிறகு உதடு வைத்து ஒரு சொட்டு உறிஞ்சி வாயிலேயே வைத்திருக்க வேண்டும்.

"எச்சி பண்ணியா குடிக்கறது? சீ, கலீஜ்!" என்றேன். ஆனால் கிளாஸுக்குள் மூக்கை விட்டதும் திட்டுவதையே மறந்துவிட்டேன். எனக்கு மூக்கு கொஞ்சம் கூர்மை. காசிமேட்டில் எந்தக் கூடை மீன் நேற்றையது என்று தூர நின்றே சொல்லிவிடுவேன். அந்த மூக்குக்கு அன்று முதலில் நாவல்பழம் வந்தது. கொஞ்சம் பொறுத்தால் மிளகு. அதற்கும் பின்னால், மழையில் நனைந்த கோணிப்பை காய்கிறபோது வருமே, அந்த வாசம். வாயில் வைத்தால் நாக்கு இரண்டு பக்கமும் துவர்த்து, பிறகு மெல்ல இனித்தது. அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீன் குழம்புச் சாப்பாடு முடிந்ததும் ஆளுக்குக் கால் கிளாஸ். அதற்கு மேல் ஒருநாளும் போனதில்லை. நான் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு கதை சொல்வேன்: இதில் பழைய பெட்டி வாசம், இது போன நடை வந்ததைவிடத் துவர்ப்பு அதிகம், இதில் கொஞ்சம் ரத்தம் மாதிரி இரும்பு. "உனக்கு எப்படி இருக்கு?" என்று அவரைக் கேட்டால் வருஷம் முழுக்க ஒரே பதில்தான். "நல்லா கீது." "இதுக்குப் பேசாம சோடா குடிச்சிருக்கலாம் நீ" என்று கிண்டல் பண்ணுவேன். பாட்டில் தீர்ந்ததும் லேபிளை ஊறவைத்து உரித்து, சுவரில் மாட்டியிருந்த காலண்டருக்குப் பின்னால் செருகி வைப்பேன். படிக்கத் தெரியாது. ஆனால் எந்தப் படத்துக்கு எந்த ருசி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

பிறகு சட்டம் வந்தது. புத்தியுள்ளவர்கள் அன்றோடு விட்டிருப்பார்கள். நாங்கள் விடவில்லை. துறைமுக வாசலில் சோதனை போட்டார்கள். அதனால் பாட்டில் கப்பலிலேயே நின்றுவிடும். ஒயின் மட்டும் அவருடைய குடிதண்ணீர்க் கூஜாவில் வீட்டுக்கு வரும். நன்னாரி சர்பத் பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொள்வேன். பிடிபட்டால் ஜெயில். அதைவிட, துறைமுகத்துக்குள் போகிற பாஸைப் பிடுங்கிவிடுவார்கள். பாஸ் போனால் வேலை போச்சு. வேலை போனால் இரண்டு பெண் குழந்தைகளோடு நாங்கள் எங்கே போவது?

அந்தச் சமயத்தில்தான் எதிர்த் தெருவில் ஒருவரைப் பிடித்தார்கள். மில்லில் வேலை செய்தவர். சாராயம் காய்ச்சுவதற்குப் பானையில் ஊறல் போட்டிருந்தாராம். "ஊது, ஊது" என்று வாயை ஊதச் சொல்லி, பானையை அவர் தலையிலேயே வைத்துத் தெரு வழியே நடத்திப் போனார்கள். முன்னால் நடந்தவர் எங்கள் ஏட்டய்யா. பின்னால் அந்த மனிதரின் மனைவி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு. அந்தக் குடும்பம் ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்துவிட்டது.

அதன் பிறகு எங்களுக்கு ஒரே காவல் ஏட்டய்யாவின் குறட்டைதான். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தாரானால் சுவர் அதிரும். அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிற வரைக்கும்தான் குடிப்போம். நடுவில் அது நின்றால் என் கை அப்படியே நின்றுவிடும். மறுபடி கேட்டால்தான் மூச்சு வரும். சட்டத்துக்கு முன்பே வந்து மிச்சமிருந்த பாட்டில் எதையாவது திறப்பதானால், கூட்ஸ் வண்டிப் பெட்டிகளை இடித்துக் கோர்க்கும் சத்தம் ஸ்டேஷன் பக்கமிருந்து வரும்வரை என் வீட்டுக்காரர் தக்கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். குடித்து முடித்ததும் பச்சை வெங்காயம், அதன் மேல் கிராம்பு, அதன் மேல் வெற்றிலை. இத்தனை அவஸ்தைப்பட்டு எதற்கென்று கேட்டால், சத்தியமாக எனக்குத் தெரியாது. அந்தக் கால் கிளாஸுக்காக ஆறு நாள் காத்திருந்தேன் என்பது மட்டும் தெரியும்.

ஏட்டய்யாவின் பெண்ணுக்கு வளைகாப்பு வந்தது. நான்தான் எலுமிச்சைச் சாதம் கிளறிக் கொடுத்தேன். வளையல் அடுக்கி முடிந்ததும் ஏட்டய்யாவே தட்டில் கண்ணாடி கிளாஸ்களை அடுக்கி, எல்லோருக்கும் நன்னாரி சர்பத் கொண்டுவந்தார். இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்து, தோளில் மடித்த துண்டோடு, கொஞ்சம் குனிந்து நீட்டினார். போலீஸ்காரர் இப்படி நீட்டுகிறாரே என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

பேச்சு சுவாரசியத்தில் இருந்தேன். கிளாஸ் கைக்கு வந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்ததும் கை தன் பாட்டுக்கு அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தது. அடியைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுழற்றியது. மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி, மோந்து, உதடு வைத்து ஒரு சொட்டு உறிஞ்சி வாயில் வைத்துக்கொண்டேன். கண்ணைத் திறந்தால் ஏட்டய்யா எதிரே நிற்கிறார். தட்டு அசையவில்லை. கண் என் கையிலேயே இருக்கிறது. சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். ஐயோ, பாவி, கெடுத்தாயே என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவர் தட்டோடு அடுத்தவளிடம் நகர்ந்தார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு அழுதேன். என் வீட்டுக்காரர் முதலில் சிரித்தார். "சர்பத்த மோந்து பாத்தா கேஸா போடுவாங்க? சும்மாங்காட்டியும் பயப்படாதமே" என்றார். ஆனால் அடுத்த ஞாயிறு மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் குறட்டை கேட்கவில்லை. ஆள் உள்ளேதான் இருந்தார். செருமுகிற சத்தம் வந்தது. கட்டில் கிறீச்சிட்டது. குறட்டை மட்டும் இல்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. அப்போது என் வீட்டுக்காரரின் சிரிப்பும் நின்றது. "முயிச்சிக்கினு கேட்டுகினு கீறாரு" என்று என் காதோடு சொன்னார்.

லேபிள்கள் முழுவதையும் அடுப்பில் போட்டேன். சர்பத் பாட்டிலில் இருந்த பாதி ஒயினை மீன் கழுவின தண்ணீரோடு கலந்து முற்றத்துச் சாக்கடையில் கொட்டினேன். அது முழுக்கப் போகவில்லை, ஒரு சிவப்புக் கோடாக நின்றது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். குழாயடியில் நின்றவள், "யக்கா, இன்னா இன்னிக்கி இப்பிடி கயுவுற?" என்று கேட்டாள். "பெருச்சாளி" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இன்னும் ஒரு முழுப் பாட்டில் இருந்தது. சட்டத்துக்கு முன்பே வந்தது. சில வருஷம் வைத்திருந்து திறந்தால் அதற்கு ஈடே இல்லை என்று பட்லர் சொல்லியிருந்தாராம். அதைக் கொட்ட மட்டும் என் வீட்டுக்காரருக்கு மனம் வரவில்லை. எனக்கும்தான். அரிசிப் பானைக்குள் அடியில் புதைத்து வைத்தோம்.

மூன்றாவது ஞாயிறு, பட்டப்பகலில், ஏட்டய்யா எங்கள் கதவைத் தட்டினார். உடுப்பு இல்லை, லுங்கியும் பனியனும். அதைப் பார்த்தும் என் பயம் தணியவில்லை. முக்காலியில் உட்கார்ந்தார். குழந்தைகளை வெளியே போய் விளையாடச் சொன்னார். அவ்வளவுதான், ஆச்சு என்று நினைத்தேன்.

"நான் போலீசுக்கு வர்றதுக்கு மின்னாடி வெள்ளக்காரன் மெஸ்ல வேல பாத்தேன்" என்றார். "சாப்பாட்டு மேசையில பேரர். எட்டு வர்சம். தெனிக்கும் அந்தச் செவப்புத் தண்ணிய நான்தான் ஊத்துவேன். ஊத்தினதும் தொர கிளாஸ சாய்ப்பாரு, சுத்துவாரு, மோப்பாரு, அப்பால ஒரு சொட்டு. அன்னிக்கி நீ செஞ்சியே மா, அச்சு அசலா அதே மாரி." லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டார். "எட்டு வர்சத்துல நான் ஒரு சொட்டு வாயில வெச்சதில்ல. வெச்சா பூட்ஸ் கால்தான். அன்னிலேர்ந்து தூக்கம் வரமாட்டேங்குது. அது எப்படித்தான் மா இருக்கும்?"

என் வீட்டுக்காரரின் கண் அரிசிப் பானையின் பக்கம் போனதைப் பார்த்தேன். நான் நகர்ந்து பானைக்கு முன்னால் நின்றுகொண்டேன். நாவல்பழம், மிளகு, நனைந்த கோணிப்பை, துவர்த்துப் பிறகு இனிப்பது, எல்லாம் நாக்கின் நுனியில் நின்றது. கேட்டவர் முகத்தில் சூது இருந்ததாக இன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அன்றைக்கு என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் தலையில் பானையோடு நடந்த அந்த மில்காரர்தான்.

"எனக்கு இன்னா ஏட்டய்யா தெரியும்? சர்பத்துல எறும்பு கீதான்னு பாத்தேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, "சரி மா. ஆனா வெளிய எங்கியும் கிளாஸ அப்பிடிச் சுத்தாத. நான் மட்டுந்தான் மெஸ்ல வேல பாத்தேன்னு நெனைக்காத. எங்க ஸ்டேசன் எசமானும் அங்கேர்ந்து வந்த ஆளுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். கூப்பிட்டுவிடலாமா என்று என் வீட்டுக்காரர் கண்ணால் கேட்டார். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். இதுவும் ஒரு தூண்டிலாக இருந்தால்?

நாலு மாதத்தில் ஏட்டய்யாவை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அதுவரை எங்கள் மீது ஒரு சோதனையும் வரவில்லை, ஒரு கேள்வியும் வரவில்லை. சாமான் ஏற்றிய அன்று ஒரு ஜாடி இறால் ஊறுகாய் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "ஊறுகா மட்டுந்தானா மா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

அடுத்த ஞாயிறு என் வீட்டுக்காரர் அரிசிப் பானையிலிருந்து பாட்டிலை எடுத்தார். பக்கத்து வீடு காலி. பூட்டுத் தொங்கியது. ஆனாலும் அவர் பழக்கத்தில் கூட்ஸ் வண்டிச் சத்தத்துக்காகக் காத்திருந்துதான் தக்கையைப் பிடுங்கினார். இரண்டு கிளாஸில் கால்வாசி ஊற்றினார். பழைய தங்கத்தில் சிவப்புக் கல் பதித்த நிறம். வாசம் அறை முழுக்கப் பரவியது.

நான் கிளாஸைக் கையில் எடுத்தேன். சுவரைக் கேட்டேன். அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. குறட்டை இல்லாத அந்த அமைதியில் என் கை சுழற்ற மறுத்தது. மூக்கருகே கொண்டுபோனால் யாரோ எதிரில் தட்டோடு நிற்கிற மாதிரி இருந்தது. சட்டென்று அண்ணாந்து, உதட்டில் படாமல், மருந்து மாதிரி மடமடவென்று தொண்டைக்குள் ஊற்றிக்கொண்டேன்.

அவர் என் முகத்தையே ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "எப்பிடி கீதுமே?" என்றார்.

"நல்லா கீது" என்றேன்.