கோணக் காசு

அரம் உரசுகிற சத்தம் எங்கே கேட்டாலும் எனக்கு இன்றைக்கும் பல் கூசும்.

பாலிகஞ்சில் எங்களுக்குக் கீழ்வீட்டில் இருந்த வங்காளிப் பெரியவர், அப்பாவுக்கு மூத்தவர் என்பதால், எங்களுக்கு "ஜேட்டு", அதாவது பெரியப்பா. ஸ்பெயின் நாட்டுப் பழங்காசுகளைத் தேடிச் சேர்ப்பதே அவருக்கு உயிர். மற்றதெல்லாம் வெள்ளி, ஒன்றே ஒன்றுதான் தங்கம். சுத்தியலால் அடித்த காலத்துக் காசாம். ஒரு பக்கம் சிலுவை, விளிம்பு கடித்து வைத்த தட்டை மாதிரி இருக்கும். நாங்கள் வைத்த பெயர் "கோணக் காசு". அந்தக் கோணல்தான் அது அசல் என்பதற்கு அத்தாட்சி என்று அப்பாவிடம் ஓயாமல் சொல்வார்.

கண்புரை அறுவைக்குப் போகும்போது, தனிக்கட்டையான அவர், அதை எங்கள் பீரோவில் வைக்கக் கொடுத்தார். அந்த வாரம் வரலக்ஷ்மி நோன்பு. "அவர் கண்ணு நன்னா ஆகணும்னு அம்மன் கழுத்துல ஒரு நாள் போட்டா என்ன?" என்று அம்மா, தொங்கவிட ஒரு வளையம் வைப்பதற்காக, என்னையும் இழுத்துக்கொண்டு சந்துக்குள் இருந்த நகைப் பட்டறைக்குப் போனாள். கேட்டது வளையம்தான். பட்டறைக்காரரோ, சாமிக்குப் போடுவது கோணலாக இருக்கலாமா என்று, நாங்கள் வாசலில் மழை விடக் காத்திருந்த நேரத்தில், சுற்றிலும் அரத்தால் ராவி வட்டமாக்கி, உதிர்ந்த தூளைக்கூடக் காகிதத்தில் மடித்து நேர்மையாகக் கொடுத்தார். அம்மாவுக்கு அது அழகாகத்தான் தெரிந்தது.

சாயங்காலம் கார்டன் ரீச் ஆபீசிலிருந்து வந்த அப்பா அதைக் கையில் வாங்கியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "குடியைக் கெடுத்தியேடி!"  கண்கட்டு அவிழ்க்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா அவர் கண்ணுக்காக விளக்கேற்றிக்கொண்டே இருந்தாள். அந்தக் கண் திறந்து எதைப் பார்க்கப்போகிறது என்று நினைக்கவே பயமாக இருந்தது.

ஜேட்டு கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். காசை வாங்கியவர் பார்க்கவில்லை, கட்டைவிரலால் விளிம்பைத் தடவினார். ஒரு சுற்று. மறுபடியும் ஒரு சுற்று. பிறகு கண்ணாடியைக் கழற்றி அம்மாவைப் பார்த்து, "தாக், பௌமா" என்றார். இருக்கட்டும் மருமகளே என்று அர்த்தம். காசை மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனவர் அப்புறம் எங்கள் படியேறவேயில்லை.

அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்பிவிட்டார்கள். ஜேட்டுவும் இல்லை, அவர் சேர்த்த வெள்ளிக் காசுகள் எங்கே சிதறினவோ. அந்த வட்டத் தங்கம் மட்டும் இப்போது நான் இருக்கும் பெஹாலா வீட்டில், என் பீரோவில் கிடக்கிறது. எந்த நோன்புக்கும் நான் அதை எடுத்ததில்லை. அம்மாவுக்கு இப்போது எல்லாம் மறந்துபோகிறது. ஆனாலும் நோன்பு வந்தால் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள்: "அவருக்குக் கண்ணு நன்னாத் தெரிஞ்சுதோன்னோடி?"

"நன்னாத் தெரிஞ்சுதும்மா" என்கிறேன்.